தேர்ட் லானர்க்: நூறு கோல் அடித்த கிளப் ஆறே வருடத்தில் எப்படி இல்லாமல் போனது?

பதினோராவது ஆள்:

ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றாலே இங்கே பேச்சு செல்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரண்டு பெயரில் நின்றுவிடுகிறது. அதே கிளாஸ்கோ நகரின் தென்பகுதியில் 1872 முதல் 1967 வரை ஆடிய இன்னொரு கிளப்பைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தேர்ட் லானர்க். ஒருமுறை லீக் சாம்பியன், இருமுறை ஸ்காட்டிஷ் கோப்பை. 1890-இல் ஸ்காட்டிஷ் லீக் தொடங்கியபோது சேர்ந்த 11 கிளப்களில் ஒன்று. இன்று அது இல்லை.

இல்லாமல் போன விதம்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 1960-61 சீசனின் கடைசி நாள், அந்த சீசனில் நூறு கோலைத் தொட இன்னும் 6 கோல் தேவை. எதிரணி ஹிபர்னியன். 6-1 என்று வென்றார்கள். 34 ஆட்டத்தில் சரியாக 100 கோல், லீகில் மூன்றாம் இடம். அலெக்ஸ் ஹார்லி ஒருவரே 42. அந்த ஃபார்வர்டு வரிசையை அந்தத் தலைமுறை ரசிகர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள்: குட்ஃபெலோ, ஹில்லி, ஹார்லி, கிரே, மெக்கின்னஸ். வாங்கிய கோல் 80 என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து உள்ளே போனவன் ஒருநாளும் கோல் பார்க்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டான்.

அதற்கு நான்கு வருடம் கழித்து, 1964-65-இல், அதே 34 ஆட்டத்தில் 3 வெற்றி, 1 சமன், 30 தோல்வி. வெற்றிக்கு 2 புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் மொத்தம் 7 புள்ளி. முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். 1967 ஏப்ரல் 28 அன்று டம்பார்ட்டன் ஊரில் 5-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் ட்ரூ பஸ்பி. அதுதான் தேர்ட் லானர்க்கின் கடைசி கோல், கடைசி ஆட்டம். அந்தக் கோடையிலேயே கிளப் கலைக்கப்பட்டுவிட்டது.

இது தானாக வந்த சாவு இல்லை, உள்ளே இருந்தவர்கள் கையால் வந்தது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். கிளாஸ்கோவில் இருப்பவர்கள் யாராவது அந்த மைதானத்தைப் பார்த்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

புதுரசிகை:

இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஒரு சின்னச் சந்தேகம். 'தேர்ட்' என்றால் மூன்றாவது. அப்படியானால் முதல் லானர்க், இரண்டாம் லானர்க் என்று வேறு கிளப்கள் இருந்தனவா? லானர்க் வேறு ஊர் இல்லையா, கிளாஸ்கோ எப்படி வந்தது?

பதினோராவது ஆள்:

நல்ல கேள்வி. அது கிளப்பின் எண் இல்லை, படைப்பிரிவின் எண். அன்று கிளாஸ்கோ லானர்க்‌ஷயர் மாவட்டத்துக்குள் இருந்தது. ஊர்க்காரர்கள் வேலை நேரம் போக, தாங்களாகச் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி எடுக்கும் தொண்டர் படைகள் அப்போது பிரிட்டன் முழுக்க இருந்தன. அதில் ஒன்றுதான் மூன்றாம் லானர்க்‌ஷயர் துப்பாக்கித் தொண்டர் படை.

1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம் அது, 0-0. ஸ்காட்லாந்துக்கு ஆடிய 11 பேரும் குவீன்ஸ் பார்க் கிளப்காரர்கள். அவர்களில் சிலர் இந்தப் படையிலும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 12 அன்று படைக்காரர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு கால்பந்துக் கிளப் வைத்துவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் நடந்த காரியம்.

சிப்பாய்களின் கிளப் என்பதால் சட்டை சிவப்பு, சட்டையில் ஒரு '3'. 1903-இல் படையோடு இருந்த முறையான தொடர்பு அறுந்தது. எண்ணும் நிறமும் மட்டும் தங்கிவிட்டன. ரசிகர்கள் கத்துவது 'ஹை ஹை ஹை'. ஒரு ஆட்டத்தில் பந்து ரொம்ப உயரத்துக்குப் போனதைப் பார்த்துக் கூட்டம் அப்படிக் கத்தியது, அதுவே நிலைத்துவிட்டது என்பார்கள். கிளப்பையே 'ஹை ஹை' என்று கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

கிளைடுக்கரை:

நான் கிளாஸ்கோவில் தென்பகுதியில்தான் இருக்கிறேன். தேர்ட் லானர்க் ஆடிய மைதானமான கேத்கின் பார்க் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். முதல்முறை போனபோது அது என்ன இடம் என்றே எனக்குத் தெரியாது. பூங்கா என்று நினைத்து நுழைந்தேன். மரங்களுக்கு நடுவே கொஞ்சம் தள்ளிப் போனால் திடீரென்று கீழே ஒரு பள்ளம், அதில் பச்சைப் புல்தரை. மூன்று பக்கமும் கான்கிரீட் படிகள். நின்று பார்ப்பதற்கான பழைய கேலரி. கூட்டம் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்ள வைத்த இரும்புக் கம்பித் தடுப்புகள் அப்படியே வரிசையாக நிற்கின்றன. படிகளைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்திருக்கின்றன. பிரதான கேலரி இருந்த பக்கம் மட்டும் வெறுமை.

நம் ஊரில் கிராமத்துக்கு வெளியே பூசை நின்றுபோன கோயில் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டும் குளமும் இருக்கும், ஆள் இருக்காது. அந்த உணர்வுதான் வந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தரைக்குத் தேர்ட் லானர்க் வருவதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. இப்போது தேசிய அணி ஆடும் ஹாம்ப்டன் பார்க், அந்தப் பெயரில் வந்த மூன்றாவது மைதானம். இரண்டாவது ஹாம்ப்டன் இதுதான். குவீன்ஸ் பார்க் 1884 முதல் 1903 வரை இங்கேதான் ஆடியது. அவர்கள் புதிய ஹாம்ப்டனுக்குப் போனதும் தேர்ட் லானர்க் இதை எடுத்துக்கொண்டு, தங்கள் பழைய மைதானத்தின் பெயரான கேத்கினையே இதற்கும் வைத்தது.

1888 மே மாதம் இதே புல்தரையில் ஸ்காட்டிஷ் கோப்பை வென்ற ரென்டன் அணியும் ஆங்கிலக் கோப்பை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனும் மோதின. ரென்டன் என்பது லெவன் ஆற்றங்கரையில் ஒரு கிராமம். கிராமத்து அணி 4-1 என்று ஜெயித்து, தங்களை 'உலக சாம்பியன்' என்று அறிவித்துக்கொண்டது. கால்பந்து வேர் பிடித்திருந்ததே இந்த இரண்டு நாடுகளில்தான் என்ற காலத்தில் அந்தப் பட்டத்தை நான் பெரிய மிகையாக நினைக்கவில்லை. இப்போது அதே இடத்தில் பையன்கள் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பந்து உதைக்கிறார்கள்.

பழைய பேப்பர்:

கோப்பைக் கதையை யாரும் தொடவில்லையே. 1889 இறுதியாட்டம் இதே மைதானத்தில், இரண்டாவது ஹாம்ப்டனாக இருந்தபோது நடந்தது. எதிரணி அப்போதுதான் தொடங்கியிருந்த செல்டிக், அவர்களின் முதல் இறுதியாட்டம். பிப்ரவரி 2 அன்று கொட்டும் பனியில் தேர்ட் லானர்க் 3-0 என்று ஜெயித்தது. தரை இருந்த நிலையைக் காரணம் காட்டி அதை நட்பு ஆட்டமாக மாற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடச் சொன்னார்கள். ஒருமுறை ஜெயித்தவனை இன்னொருமுறை ஜெயித்துக் காட்டு என்றால் எப்படி இருக்கும்? 2-1 என்று மறுபடியும் ஜெயித்தார்கள். இன்றுவரை அதற்கு 'பனி இறுதி' என்றுதான் பெயர்.

1903-04-இல் லீக் சாம்பியன். கேத்கினுக்குக் குடிவந்த அதே சீசன். அடுத்த வருடம், 1905-இல், ரேஞ்சர்ஸை மறு ஆட்டத்தில் 3-1 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. இந்த இரண்டு வருடம்தான் அவர்களின் உச்சம்.

ஒரு பக்கத் தகவல். 1923-இல் இந்த அணி கப்பலேறி அர்ஜென்டினா போய் ஆடிவிட்டு வந்தது. பின்னாளில் இந்தக் கிளப்பின் இடது ஓரத்தில் ஆடிய ஆலி மெக்லியோட்தான் 1978 உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்து அணியை அதே அர்ஜென்டினாவுக்குப் பயிற்சியாளராக அழைத்துப் போனவர்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி. ஆனால் 'உள்ளே இருந்தவர்கள் கையால்' என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பெரிய குற்றச்சாட்டு அது. சின்னக் கிளப் கடனில் மூழ்குவது உலகம் முழுக்க நடப்பதுதான். கூட்டம் குறைந்தால் வருமானம் குறையும், நல்ல ஆளை விற்பார்கள், தோற்பார்கள், கூட்டம் இன்னும் குறையும். ஒரு மனிதரைக் கைகாட்ட ஆதாரம் என்ன?

பதினோராவது ஆள்:

கேட்டது நியாயம். வரிசையாகச் சொல்கிறேன்.

நூறு கோல் அணியின் மேனேஜர் ஜார்ஜ் யங். ரேஞ்சர்ஸின் பழைய தூண், ஸ்காட்லாந்தின் முன்னாள் கேப்டன். அவர் காலத்தில் 1959 லீக் கோப்பை இறுதியாட்டம் வரை போனார்கள், ஹார்ட்ஸிடம் 2-1 என்று தோல்வி. 1962-இல் பில் ஹிடில்ஸ்டன் என்ற தொழிலதிபர் நிர்வாகத்தின் கடிவாளத்தைப் பிடித்ததும் யங் விலகினார். அதே வருடம் ஹார்லி மான்செஸ்டர் சிட்டிக்கு விற்கப்பட்டார், ஹில்லி நியூகாசிலுக்கு. அடுத்த வருடம் கிரேயும் மான்செஸ்டர் சிட்டிக்கு. கோல் அடித்த மூன்று பேரும் போயாயிற்று. அந்தப் பணத்தில் அதே தரத்தில் வேறு ஆட்களை வாங்கிப் போட்டிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். போடவில்லை. அதன் விலைதான் 30 தோல்வி.

அப்புறம் ஆட்டக்காரர்கள் வழிவழியாகச் சொன்ன கதைகள். குளிக்கச் சுடுதண்ணீர் இல்லை. வருகிற அணியைச் சோப்பு கொண்டுவரச் சொன்னார்கள். வாசலில் டிக்கெட்டுக்கு விழுந்த சில்லறையை எண்ணிச் சம்பளமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் எழுத்துக்கு எழுத்து உண்மையா என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் பிரிட்டிஷ் அரசின் வர்த்தக வாரியம் இந்தக் கிளப் நடத்தப்பட்ட விதத்தை விசாரித்தது என்பது பதிவில் இருக்கிறது. அந்த விசாரணை ஹிடில்ஸ்டனின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அவர் 1967 நவம்பரிலேயே இறந்துவிட்டார். அவரை உட்காரவைத்து யாரும் கேள்வி கேட்க வழி இல்லாமல் போனது.

இன்னொன்று. கடைசி சீசனில் அவர்கள் இரண்டாம் டிவிஷனில் 11-ஆம் இடம். 20 அணியில் 11. களத்தில் செத்துக்கொண்டிருந்த அணி இல்லை அது. அந்த நிலையிலும் 11-ஆம் இடம் பிடித்த பையன்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கிளைடுக்கரை:

உங்கள் கோபம் புரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வந்து சில வருடம் வாழ்ந்தபிறகு பாதி மாறிவிட்டது.

இந்தக் கிளப்பின் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? கோர்பல்ஸ், கோவன்ஹில், கிராஸ்ஹில். குறிப்பாகக் கோர்பல்ஸ், ஒரே கட்டடத்தில் எத்தனையோ குடும்பம் அடைந்து கிடந்த இடம். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அந்தக் கட்டடங்களை மாநகராட்சி தெருத் தெருவாக இடித்தது. ஜனங்கள் காசில்மில்க் போன்ற புறநகர்க் குடியிருப்புகளுக்கும் ஈஸ்ட் கில்பிரைடு, கம்பர்நால்ட் போன்ற புது நகரங்களுக்கும் போனார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கேத்கினுக்கு வந்த பையன் இப்போது பஸ் ஏறி வரவேண்டும். பஸ் ஏறுவதென்று ஆகிவிட்டால் ரேஞ்சர்ஸ் ஆடும் ஐப்ராக்ஸுக்கோ செல்டிக் ஆடும் பார்க்ஹெட்டுக்கோ போகலாமே என்று தோன்றும். இந்தச் சின்னக் கணக்கு ஆயிரம் வீட்டில் நடந்தால் ஒரு கிளப் காலி.

கேத்கினின் அதிகபட்சக் கூட்டம் 45,455. 1954-இல் ரேஞ்சர்ஸோடு கோப்பை ஆட்டம். 1967 ஏப்ரலில் ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 297 பேர். நடுவில் 13 வருடம்தான். கெட்ட நிர்வாகம் மட்டும் இதைச் செய்துவிடாது.

பதினோராவது ஆள்:

இடம்பெயர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அதே நகரம், அதே இடிப்பு, அதே புது நகரங்கள். கிளைடு கிளப் தாண்டியது, பார்ட்டிக் திஸில் கிளப் தாண்டியது. பக்கத்துத் தெருவில் சம்பளமே கொடுக்காமல் ஆடிய அமெச்சூர் கிளப்பான குவீன்ஸ் பார்க்கும் தாண்டியது. அவர்களின் கூட்டமும் குறையத்தான் செய்தது, ஆனால் கதவைச் சாத்தவில்லை. தேர்ட் லானர்க்கை மட்டும் காலம் ஏன் கொண்டுபோக வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

இப்போது என் முறை. நீங்கள் இருவரும் ஆளைப் பார்க்கிறீர்கள், ஊரைப் பார்க்கிறீர்கள். நான் நிலத்தைப் பார்க்கிறேன்.

கால்பந்துக் கிளப் என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரு கம்பெனி. ரசிகனுக்கு அதில் ஓட்டு கிடையாது. பங்கு வைத்திருப்பவனுக்குத்தான் உண்டு. கம்பெனியின் ஆட்டக்காரர்களை விற்றாயிற்று. வருமானம் வாசலில் விழும் சில்லறை. மிச்சமிருக்கும் ஒரே சொத்து நகரத்துக்குள் இருக்கும் பெரிய நிலம். கால்பந்து ஆடும்வரை அந்த நிலத்துக்கு விலை இல்லை. ஆட்டம் நின்றால் வீட்டு மனை. இந்த நிலை வந்த நாளிலேயே அந்தக் கிளப்பின் ஜாதகம் எழுதப்பட்டுவிட்டது. உரிமையாளர் நல்லவராக இருந்தால் தப்பும். இல்லையென்றால் தப்பாது. 95 வருடச் சொத்தை ஒருவரின் குணத்தை நம்பி விட்டுவைத்ததுதான் என் பார்வையில் மூலக் கோளாறு.

கடைசியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வீடு கட்ட கிளாஸ்கோ மாநகராட்சி அனுமதி தரவில்லை. அதனால்தான் கிளைடுக்கரை போய்ப் பார்த்த கேலரி இன்னும் நிற்கிறது. அந்த நிலம் யாருக்கும் வீட்டு மனையாகவில்லை, கிளப்பும் பிழைக்கவில்லை.

இதே பாடத்தின் இன்னொரு பக்கம் கிரெட்னா. எல்லையோரச் சிற்றூர். 2002-இல் லீகுக்குள் வந்தது. புரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தர் பணத்தைக் கொட்டினார். 2006-இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம், ஹார்ட்ஸிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள். 2007-இல் ஸ்காட்லாந்தின் பிரீமியர் லீக். அவர் உடல்நலம் கெட்டதும் பணம் நின்றது, 2008-இல் கிளப் முடிந்தது. அவர் கிளப்பை நேசித்தவர். குணம் நேர்மாறு, ஒரே ஆளை நம்பியிருந்ததால் முடிவு மட்டும் ஒன்றே.

பழைய பேப்பர்:

கணக்குப்பிள்ளை சொன்னது கசப்பானது, ஆனால் சரி. நான் தேதிகளை மட்டும் வைக்கிறேன்.

1967 ஜனவரி 28: இரண்டாம் டிவிஷன் அணியான பெரிக் ரேஞ்சர்ஸ், கிளாஸ்கோ ரேஞ்சர்ஸைக் கோப்பையில் 1-0 என்று கவிழ்க்கிறது. ஏப்ரல் 15: வெம்ப்லியில் ஸ்காட்லாந்து உலக சாம்பியன் இங்கிலாந்தை 3-2 என்று வெல்கிறது. ஏப்ரல் 28: தேர்ட் லானர்க்கின் கடைசி ஆட்டம். மே 25: லிஸ்பனில் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வெல்கிறது, ஆடிய 11 பேரும் அவர்கள் மைதானத்துக்கு 30 மைல் சுற்றளவில் பிறந்தவர்கள். மே 31: ரேஞ்சர்ஸ் இன்னொரு ஐரோப்பிய இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக்கோடு ஆடுகிறது. ஜூலை: குவீன்ஸ் பார்க்குக்கு நூறாவது பிறந்தநாள்.

ஸ்காட்லாந்துக் கால்பந்துக்கு அதுபோல ஒரு வசந்தம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நகரமே ஊர்வலத்தில் இருந்தபோது ஒரு வீட்டில் மட்டும் சாவு.

டம்பார்ட்டனோடு கடைசி ஆட்டம் அமைந்ததையும் கவனியுங்கள். 1890-இல் லீகைத் தொடங்கிய 11 கிளப்களில் டம்பார்ட்டனும் ஒன்று. முதல் சீசன் பட்டத்தை ரேஞ்சர்ஸோடு பகிர்ந்துகொண்ட அணி. மேலே வந்த ரென்டனும் அந்த 11-இல் உண்டு, இருபதுகளில் மறைந்தது. அபெர்கார்ன், கேம்பஸ்லாங், கவ்லேர்ஸ், வேல் ஆஃப் லெவன் எல்லாம் போய்விட்டன. 11-இல் இன்று பெயர் சொல்ல இருப்பவை செல்டிக், ரேஞ்சர்ஸ், ஹார்ட்ஸ், செயின்ட் மிர்ரன், டம்பார்ட்டன்.

புதுரசிகை:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ரசிகர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் செல்டிக்கோ ரேஞ்சர்ஸோ என்று மாறிவிட்டார்களா?

கிளைடுக்கரை:

எல்லோரையும் பற்றிச் சொல்ல முடியாது. நான் பேசிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேத்கின் படியில் வயதானவர் ஒருவர் நாயோடு நின்றிருந்தார். இது பழைய மைதானமா என்று கேட்டேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் பேசினார். தன் அப்பாவோடு எந்தத் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நிற்பார் என்று கூட்டிப்போய்க் காட்டினார். சின்னப் பையன் என்பதால் கம்பிக்கு மேலே தலை எட்டாதாம், அடியில் குனிந்து பார்ப்பாராம். அதற்கப்புறம் எந்த அணி என்று கேட்டேன். 'எதுவும் இல்லை' என்றார். சனிக்கிழமை மதியம் என்ன செய்வதென்று தெரியாமல் முதல் வருடம் தெருத் தெருவாக நடந்தேன் என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. முதலில் 'காலம்தான் காரணம்' என்று வாதாடியவன் நான். அந்த மனிதர் முன்னால் நின்று அதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அதே பெயரில், அதே சிவப்பில் ஒரு அமெச்சூர் அணி இருக்கிறது. கேத்கினிலேயே ஆடுகிறார்கள். பழைய கம்பெனிக்கும் அதற்கும் சட்டப்படி சம்பந்தம் இல்லை.

கணக்குப்பிள்ளை:

சட்டப்படி இல்லைதான். அந்தப் பையன்கள் கோல் அடித்தால் படியில் நிற்பவர் என்ன கத்துவார்?

கிளைடுக்கரை:

ஹை ஹை ஹை. நானே கேட்டிருக்கிறேன்.

பதினோராவது ஆள்:

அடுத்த வருடம் கிளாஸ்கோ வர வாய்ப்பிருக்கிறது. அந்தத் தடுப்புக் கம்பி எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை என்று தனிச்செய்தியில் அனுப்பி வையுங்கள், கிளைடுக்கரை. சனிக்கிழமை மதியமாகப் பார்த்து வருகிறேன்.